இதயத் தசையில் ஓர் எழுத்துப் பிழை

நோய்நொடி எதுவுமின்றி ஓடியாடித் திரிந்த இளைஞன் ஒருவன் விளையாட்டு மைதானத்திலே திடீரெனச் சாய்ந்து உயிர் துறந்தான் என்ற செய்தி எந்த ஊரையும் உலுக்கிவிடும். முதியவன் இறந்தால் வயது என்று மனம் ஆறுவர்; இளையவன் இறந்தால் எதைச் சொல்லி ஆறுவது? சொல்லக் காரணம் கிடையாதபோது, "அவன் தலையெழுத்து" என்பர். சில ஆண்டுகள் கழித்து அவ்வீட்டிலேயே தம்பியோ தங்கையோ அவ்வாறே மறைந்துவிட்டால், "குடும்பத்துக்கு வந்த சாபம்" என்று அயலார் தாழ்ந்த குரலிற் பேசுவர்.

இத்தகைய மரணங்களுள் ஒரு பகுதிக்குக் காரணம் மெய்யாகவே ஓர் எழுத்தில் இருக்கின்றது. ஆனால் அவ்வெழுத்து தலையில் எழுதப்பட்டதன்று. உடலின் கலங்களுக்குள்ளே, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் பரம்பரை ஏட்டிலே எழுதப்பட்டிருப்பது. அதனைக் கண்டுபிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்து, அதன் பொருளையும் உணர்ந்துகொள்ள ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. அந்தத் தேடலின் வரலாறு அறியத்தக்கது.

இதயம் என்பது இடையறாது உழைக்கும் ஒரு தசை. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை சுருங்கி விரிகின்றது. அதன் நான்கு அறைகளுள் வலிமை மிக்கது, உடலெங்கும் குருதியைச் செலுத்தும் இடது இதயவறை. அவ்வறைக்கும் வலது இதயவறைக்கும் இடையே தசையாலான பிரிசுவர் ஒன்று உண்டு. இச்சுவர் சாதாரணமாக ஒரு சென்ரிமீற்றர் அளவு தடிப்புடையது. சிலரிடத்தில் அது ஒன்றரை, இரண்டு, சிலவேளை மூன்று சென்ரிமீற்றருக்கும் மேலாகத் தடித்துவிடுகின்றது. குருதியமுக்கம் மிகுந்தாலும், குருதி வெளியேறும் வாயில் ஒடுங்கினாலும் இதயம் தடிப்பதுண்டு. அது கூடுதலாக உழைத்த தசையின் இயல்பு. அத்தகைய காரணம் ஒன்றுமின்றியே இதயத் தசை தடிப்பதே இங்குக் கூறப்படும் நோய். குருதிக் குழாய் அடைபட்டு வரும் மாரடைப்பு வேறு, இது வேறு. இங்குக் குழாய்கள் செவ்வையாயிருக்கும். குறை தசையிலேயே உள்ளது.

பிரான்சு நாட்டிலே லியூவில், ஹலோப்போ என்னும் வைத்தியர்கள் 1869ஆம் ஆண்டிலேயே இத்தகைய இதயங்களைக் கண்டு எழுதிவைத்தனர். எனினும் அக்குறிப்புகள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1957இல் வாலஸ் பிரிக்டன் என்னும் ஆங்கில வைத்தியர், குருதிக் குழாயைச் சாராத இதயத் தசை நோய்களுக்குத் தனிப்பெயரிட்டு எழுதினார். மறுஆண்டு, 1958இல், இலண்டன் புனித ஜோர்ஜ் வைத்தியசாலையைச் சேர்ந்த டொனால்ட் ரியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரியர் நோயாளரைக் குணப்படுத்தும் வைத்தியரல்லர். திடீரென இறந்தோரின் உடலைச் சோதித்து மரணத்தின் காரணத்தைக் கூறும் நோயியல் அறிஞர். அவர் விவரித்தவர் எண்மர். யாவரும் இளம் பருவத்தினர் அல்லது நடுவயதை எட்டாதவர். அவருள் எழுவர் திடீர் மரணமுற்றவர்.

அவ்விதயங்களிலே பிரிசுவர் மட்டும் அளவுக்கு மீறித் தடித்திருந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கியபோது இன்னொரு புதுமையும் தோன்றியது. நல்ல இதயத்தில் தசைநார்கள் பாயிலே பின்னிய ஓலைபோல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றிலோ, நார்கள் நாலா திசையும் பாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கறுத்துக் கிடந்தன. இது ஒருவகைக் கட்டியோ என்று ரியர் ஐயுற்றார். கட்டியன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவ்வொழுங்கின்மையே மின்னோட்டத்தைத் தடுமாறச் செய்து, இதயத் துடிப்பைச் சடுதியிற் குலைக்கின்றது என்பதும் காலப்போக்கில் விளங்கிற்று.

அதே காலத்தில் அமெரிக்காவின் பெதஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிறுவகத்திலே வேறொரு விந்தை நிகழ்ந்தது. அங்கு அன்ட்ரூ கிளென் மொறோ என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், குருதி வெளியேறும் வழி அடைபட்டிருப்பதாக முன்னரே அளந்தறியப்பட்ட ஒரு நோயாளரின் இதயத்தைத் திறந்தார். உள்ளே அடைப்பைக் காணவில்லை. துடிக்கும் இதயத்திலே இருந்த அடைப்பு, ஓய்ந்த இதயத்திலே மறைந்துவிட்டது! மொறோவும் அவருடைய தோழர் இயூஜின் பிரான்வால்டும் இத்தகைய இரு நோயாளரைப் பற்றி 1959இல் எழுதினர். தடித்த தசை சுருங்கும்பொழுது தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கின்றது என்பதே அவர்கள் கண்ட உண்மை. தடித்த தசையில் ஒரு பகுதியை வெட்டியகற்றி வழியைத் திறக்கும் சத்திரசிகிச்சை முறையை மொறோ வளர்த்தெடுத்தார். அதனால் உயிர் பிழைத்தோர் பலர். அம்முறையை வகுத்த மொறோவும் அதே நோயை உடையவராயிருந்தார் என்பது வரலாற்றின் துயரமான செய்தி. அவர் 1982இல் காலமானார்.

தசை எவ்வாறு தடிக்கின்றது, எவ்வாறு அடைக்கின்றது என்பன இங்ஙனம் தெரிந்தன. ஏன் தடிக்கின்றது என்பது தெரியவில்லை. அதற்கான வழியைத் திறந்தது ஒரு குடும்பம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கோற்றிகுக் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு வாழ்ந்த பிரெஞ்சு வழித்தோன்றலான ஒரு பெருங்குடும்பத்திலே தலைமுறைதோறும் பலர் இளவயதில் திடீரென இறந்தனர். ஊரார் அதனைக் கோற்றிகுக் சாபம் என்றனர். மொன்றியல் நகர வைத்தியர் பீற்றர் பாரே இக்குடும்பத்தை நாடிச் சென்றார். உயிருடனிருந்தோரைச் சோதித்தார், மறைந்தோரின் வரலாற்றைத் திரட்டினார், கொடிவழியை வரைந்தார். 1961இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றைத் தெளிவுபடுத்தியது. இந்நோய் ஆண் பெண் இருபாலாரிடத்தும் வருவது. நோயுள்ள தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்புடன் இறங்குவது. ஊரார் சாபம் என்ற ஒன்று, ஒழுங்கும் கணக்கும் உடைய பரம்பரை விதியாகத் தோன்றலாயிற்று. ஆயினும் அவ்விதி எந்த இடத்தில் எழுதப்பட்டுள்ளது என்று கண்டறியும் கருவி அன்று எவரிடத்தும் இருக்கவில்லை. பாரே வரைந்த கொடிவழி காத்திருந்தது.

இதற்கிடையே, நோயைப் பற்றி எண்ணாத வேறு அறிஞர்கள் தசையின் இயல்பை ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஜேர்மானிய அறிஞர் வில்லெம் கூனே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தசையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து மயோசின் என்று பெயரிட்டார். ஹங்கேரி நாட்டிலே, சென்ட் ஜோர்ஜியின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஸ்ட்ரோப், 1942இல் அக்டின் என்னும் இன்னொரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரே விஞ்ஞான ஏட்டின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றை அன்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கேர்க்கும் எழுதினர். மற்றையதை ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் அம்மையாரும் எழுதினர். ஹக்ஸ்லிகள் இருவரும் உறவினரல்லர். ஆயினும் இரு கட்டுரைகளும் ஒரு முடிவையே கூறின. தசை சுருங்கும்போது அதன் இழைகள் சுருங்குவதில்லை. தடித்த மயோசின் இழையும் மெல்லிய அக்டின் இழையும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. தோணியிலே துடுப்பு வலிப்போர் வரிசையாக இருந்து வலிப்பதுபோல, மயோசினின் சிறு தலைகள் அக்டின் இழையைப் பற்றி இழுத்து விடுகின்றன. ஒவ்வோர் இதயத் துடிப்பும் எண்ணற்ற துடுப்புகளின் கூட்டு வலிப்பே.

தசையின் இயல்பை அறிந்தோரும் குடும்பத்தின் வரலாற்றை அறிந்தோரும் ஒருவரையொருவர் சந்திக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவர்களைச் சந்திக்க வைத்தது பரம்பரையியல்.

பரம்பரை ஏடு என்று மேலே கூறப்பட்டது வெறும் அலங்காரமன்று. பனையோலைச் சுவடிகளை ஒருவர் பார்த்து மற்றொருவர் பெயர்த்தெழுதி வந்த காலத்தில், ஒரு சுவடியில் எழுத்துப் பிழை புகுந்தால், அதனைப் பார்த்தெழுதிய சுவடிகளிலெல்லாம் அப்பிழை தொடர்ந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்ந்தமை தமிழறிந்தோர் யாவரும் அறிந்ததே. மனிதனின் பரம்பரை ஏடும் நான்கே எழுத்துகளால் ஆனது. அதன் ஒரு படியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அது 23 நிறமூர்த்தங்களாகக் கட்டிவைக்கப்பட்டுள்ளது. தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியும் பிள்ளைக்குக் கிடைக்கின்றன.

அமெரிக்காவின் ஹாவார்ட் வைத்தியக் கல்லூரியில் ஜொனதன் சைட்மன் என்னும் பரம்பரையியல் அறிஞரும், அவருடைய மனைவியாரும் இதய வைத்தியருமான கிறிஸ்ரின் சைட்மனும் இப்பிழையைத் தேடப் புறப்பட்டனர். அவர்கள் நாடியது பாரே ஆராய்ந்த அதே கோற்றிகுக் குடும்பத்தை. பாரேயும் அம்முயற்சியிற் பங்குகொண்டார். குடும்பத்தினர் குருதி தந்து உதவினர். பரம்பரை ஏட்டின் பல இடங்களில் ஆளுக்கு ஆள் வேறுபடும் அடையாளங்கள் உண்டு. நோயுற்றோர் அனைவரிடத்தும் சேர்ந்து வந்து, நோயற்றோரிடத்துக் காணப்படாத அடையாளம் எதுவோ, அதற்கு அருகிலேதான் பிழை இருத்தல் வேண்டும். அவ்வடையாளம் பதினான்காம் நிறமூர்த்தத்தில் இருப்பதை 1989இல் அவர்கள் அறிவித்தனர்.

அந்நிறமூர்த்தத்தில் இதய மயோசினுக்குரிய பரம்பரையலகு அமைந்திருப்பது முன்னரே தெரிந்திருந்தது. தசையை ஆராய்ந்தோரின் அறிவு இவ்விடத்திற் கைகொடுத்தது. ஆய்வாளர் அவ்வலகை எழுத்தெழுத்தாகப் படித்தனர். 1990இல் விடை கிடைத்தது. மயோசின் புரதம் 1,935 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட ஒரு நீண்ட மாலை. அதில் 403ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டும். அக்குடும்பத்தில் நோயுற்றோரிடத்தில் அவ்விடத்திற் குளூட்டமின் இருந்தது. காரணம், பரம்பரை ஏட்டில் குவானின் என்னும் எழுத்து நிற்கவேண்டிய ஓரிடத்தில் அடினின் நின்றது. 300 கோடி எழுத்துகளுள் ஒன்று மாறியதே கோற்றிகுக் சாபமாயிற்று.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. வேறு குடும்பங்களைச் சோதித்தபோது சிலவற்றில் மயோசின் செவ்வையாயிருந்தது, நோயோ இருந்தது. 1994இல் துரொப்போனின், துரொப்போமயோசின் என்னும் வேறு தசைப் புரதங்களிலும், 1995இல் மயோசின் பிணைப்புப் புரதத்திலும் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன. இவை யாவும் சுருங்கும் இழைகளை ஆக்குவன அல்லது அடக்கி ஆள்வன. ஆகவே இது தசையைச் சுருங்கச் செய்யும் இயந்திரத்தின் நோய் என்பது வெளியாயிற்று. ஒரே இயந்திரத்தின் எந்த உறுப்பிற் பழுது வந்தாலும் விளைவு ஒன்றாகவே தோன்றியது. இந்நோய் அரிதானது என்று முன்னர் எண்ணியிருந்தனர். 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இளம் வயதினருள் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர் தடித்த இதயத்தை உடையவர் என்று காட்டியது.

பிழையான புரதத்தால் இதயம் வலிமை குன்றுகின்றதா, வலிமை மிகுகின்றதா? இவ்வினாவே அடுத்து எழுந்தது. பலவீனத்தை ஈடுசெய்யவே தசை தடிக்கின்றது என்று முதலிற் பலர் கருதினர். 1996இல் கோற்றிகுக் குடும்பத்தின் அதே பிழையைச் சுண்டெலிகளிற் புகுத்தி, அவற்றிடத்தும் நோயை ஆராயத் தொடங்கினர். ஆண்டுகள் செல்லச் செல்ல வேறோர் உண்மை வலுப்பெற்றது. நல்ல இதயத்தில் மயோசின் தலைகளுள் ஒரு பகுதி எப்பொழுதும் மடங்கி ஓய்வு கொள்கின்றது. நோயுற்ற இதயத்தில் ஓய்வில் இருக்கவேண்டிய தலைகள் பல வேலைக்கு வந்துவிடுகின்றன. துடுப்புகள் மிகுதி, ஓய்வு குறைவு. இதயம் வேண்டியதற்கு மேல் இறுகிச் சுருங்குகின்றது, விரிய மறுக்கின்றது, சக்தியை வீணாக்குகின்றது.

நோயின் மூலம் தெரிந்ததால் மருந்தின் திசையும் தெரிந்தது. மிகையான தலைகளை மீண்டும் ஓய்வுக்கு அனுப்பும் சிறு மூலக்கூறு ஒன்றை ஆய்வாளர் தேடினர். அத்தகைய மருந்து சுண்டெலிகளில் நோயைத் தடுத்தது என 2016இல் அறிவித்தனர். மவகம்ரென் என்னும் அம்மருந்து, அடைப்புள்ள 251 நோயாளரிடத்துச் சோதிக்கப்பட்டு, 2020இல் முடிவுகள் வெளிவந்தன. மருந்து பெற்றோரிடத்து அடைப்புத் தணிந்தது. உழைக்கும் ஆற்றல் கூடியது. 2022 ஏப்பிரலில் அமெரிக்க அரசு அதனை அங்கீகரித்தது. அளவு மீறினால் இதயத்தின் வலிமையையே குறைத்துவிடும் மருந்து இது. எனவே வைத்தியரின் இடையறாத கண்காணிப்பு அதற்கு இன்றியமையாதது.

இவ்வாராய்ச்சி மேனாட்டோரை மட்டும் சார்ந்ததன்று. ஐதராபாத்திலுள்ள கல மூலக்கூற்று உயிரியல் மையத்தின் தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி முதலியோர், 2009இல் தெற்காசிய மக்களைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டனர். மயோசின் பிணைப்புப் புரதத்திற்குரிய பரம்பரையலகில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது, இந்திய உபகண்டத்தின் வழிவந்த மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடத்துக் காணப்பட்டது. இலங்கை மக்களிடத்தும் அது உண்டு. அது உள்ளோரிடையே இதயத் தசை நோய் மிகுதியாகக் காணப்பட்டது என்று அவ்வாய்வு கூறிற்று.

அச்செய்தி பலரைத் திகைக்க வைத்தது. நூற்றுக்கு நால்வர் என்றால் அது கோடிக்கணக்கான மக்கள்! பின் வந்த ஆய்வுகள் அத்திகைப்பை ஓரளவு தணித்தன. 25 எழுத்துகள் விடுபட்டோருள் ஒரு சிறு பகுதியினரிடத்து, அதே அலகில் வேறொரு பிழையும் சேர்ந்திருக்கின்றது. மிகையான ஆபத்து பெரும்பாலும் அவர்களையே சாரும் என 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவ்வெழுத்துகள் விடுபட்ட மிகப் பலர் எந்நோயுமின்றி முதுமை எய்துகின்றனர்.

இங்கேதான் இந்த வரலாற்றின் மிகச் சிறந்த பாடம் உள்ளது. எழுத்தை அறிந்தவுடன் விதியை அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது தவறு. ஒரே குடும்பத்தில், ஒரே பிழையை உடைய இருவருள் ஒருவர் இருபது வயதில் மறைய, மற்றவர் பேரப்பிள்ளைகளைக் கண்டு எண்பதிலும் நடமாடுவதுண்டு. குருதியமுக்கம், ஏனைய பரம்பரையலகுகள், இன்னும் முற்றாக விளங்காத பிறவும் அவ்வேறுபாட்டிற்குக் காரணமாகின்றன. மூலக்கூற்று அறிவு தீர்ப்பு வழங்குவதன்று, முன்கூட்டியே எச்சரிப்பது.

எச்சரிக்கை கிடைத்தால் செய்யத்தக்கன பல உள. இதயத்தின் மின்வரைபு எடுக்கலாம். சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லரும் ஹேர்ட்சும் 1953இல் தொடக்கிவைத்த கழியொலிச் சோதனையால், நெஞ்சைத் திறவாமலே பிரிசுவரின் தடிப்பை அளக்கலாம். ஆபத்து மிக்கோருக்கு, துடிப்புக் குலையும்போது மின்னதிர்ச்சி தந்து மீட்கும் சிறு கருவியை உடலினுள் வைக்கலாம். மிஷெல் மிரோவ்ஸ்கி உருவாக்கிய அக்கருவி முதன்முதலில் 1980இல் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. கடும் போட்டி விளையாட்டுகளில் ஈடுபடுவது பற்றியும் வைத்தியரின் ஆலோசனையைப் பெறலாம். ரியர் சோதித்த எழுவருக்கு இத்தகைய எச்சரிக்கை கிட்டவில்லை. இறந்தபின்னரே அவர்களின் நோய் அறியப்பட்டது.

இவையனைத்துக்கும் முதற்படி ஆய்வுகூடத்தில் இல்லை, வீட்டில் உள்ளது. கோற்றிகுக் குடும்பத்தார் தம் துயரை மறைத்திருந்தால், பாரே கொடிவழி வரைந்திருக்க முடியாது. கொடிவழி இன்றேல் சைட்மன் தம்பதியர் அவ்வெழுத்தை அங்கே கண்டிருக்க முடியாது. ஆதலால், குடும்பத்தில் இளவயதினர் எவரேனும் காரணம் தெரியாது திடீரென இறந்திருப்பின், அல்லது ஓடும்போதும் உழைக்கும்போதும் மயங்கி விழுந்திருப்பின், அதனை மறைக்காது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். கலியாணப் பேச்சுக்குத் தடையாகும் என்றோ, குலத்துக்கு இழுக்கு என்றோ அஞ்சி மூடிவைக்கும் செய்தி, அடுத்த பிள்ளையின் உயிரைக் காக்கவல்ல செய்தியாக இருத்தல் கூடும்.